பொய்ப் பெயரில் கப்பலேறிய இரண்டு பிள்ளைகள்: நவ்ராத்தில் சகோதரர்கள்

1912 ஏப்ரல் மாதக் கடைசி. டைட்டானிக் மூழ்கிய செய்திகளுக்கு நடுவே அமெரிக்க நாளிதழ்களில் ஒரு படம் வந்தது. சுருட்டை முடியோடு இரண்டு சின்னப் பையன்கள். பெரியவனுக்கு நாலு வயது இருக்கலாம், சின்னவனுக்கு இரண்டு. படத்தின் கீழே லூயி, லோலா என்று போட்டிருந்தார்கள். அவை அந்தப் பிள்ளைகளின் பெயர்களே இல்லை. கப்பலின் பயணிகள் பட்டியலில் இருந்த பெயர்களும் அவர்களுடையவை அல்ல. அவர்கள் யார், எந்த ஊர், பெற்றவர்கள் எங்கே என்று நியூயார்க்கில் ஒருவருக்கும் தெரியவில்லை. கேள்வி எதுவானாலும் பெரியவன் 'உய்' என்று பிரெஞ்சில் ஆமாம் போட்டான். அதைத் தாண்டி அவனிடமிருந்து எதையும் வாங்க முடியவில்லை.

டைட்டானிக்கிலிருந்து தப்பிய குழந்தைகளைப் பற்றி எழுதப்பட்டது ஏராளம். அதில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது இந்த இருவரிடம்தான். இவர்கள் கதையைப் பெரும்பாலும் ஒரு தியாகத் தகப்பன் கதையாகவே சொல்லிவிடுகிறார்கள். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது பிள்ளைகளைப் படகில் ஏற்றிவிட்டுத் தான் செத்துப்போன அப்பா. அது உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் கப்பலில் இருந்ததே தாய்க்குத் தெரியாது என்பதும் உண்மை. அப்பா போட்டுக்கொண்ட ஒரு பொய்ப் பெயர் அந்தக் குடும்பத்தை 84 ஆண்டுகள் விடவில்லை. இந்த ஆய்வு அந்தப் பெயரின் பின்னால்தான் போகிறது.

நீஸ் நகரத்துத் தையற்காரர்

அப்பாவின் பெயர் மிஷேல் நவ்ராத்தில். 1880இல் பிறந்தவர். சொந்த ஊர் செரெத். அன்றைக்கு ஹங்கேரி ஆட்சியின் கீழ் இருந்தது, இன்றைக்கு ஸ்லோவாக்கியாவில் இருக்கிறது. பிழைப்புக்காகப் பிரான்சின் தென்கரையில் இருக்கும் நீஸ் நகரத்துக்கு வந்து தையற்காரராகக் காலூன்றினார். பணக்காரர்கள் குளிர்காலத்தைக் கழிக்க வரும் ஊர் அது. நல்ல கை இருந்தால் தொழில் நடக்கும். இத்தாலியப் பெண்ணான மார்செல் கரெத்தோவை 1907இல் லண்டனில் மணந்தார். 1908 ஜூன் 12 அன்று மூத்த பையன் பிறந்தான். அவனுக்கும் மிஷேல் என்றே பெயர் வைத்தார்கள், வீட்டில் லோலோ. 1910 மார்ச் 5 அன்று இரண்டாமவன் எட்மோன் பிறந்தான். அவன் மோமோன்.

1912 தொடக்கத்தில் திருமணம் முறிந்துபோயிருந்தது. கணவனும் மனைவியும் பிரிந்திருந்தார்கள். பிள்ளைகள் தாயின் பக்கம். யாரால் முறிந்தது என்பதற்குள் நான் போகவில்லை. அதைச் சொன்னவர்கள் எல்லாம் ஏதாவது ஒரு பக்கம் சேர்ந்துகொண்டே சொல்லியிருக்கிறார்கள்.

அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 7ஆம் தேதி வந்தது. பண்டிகைக்குப் பிள்ளைகளை அப்பாவோடு அனுப்பி வைத்தார் மார்செல். திரும்ப அழைத்துவரப் போனபோது மூவரும் இல்லை. மோன்டே கார்லோ வழியாக இங்கிலாந்து போய்விட்டார்கள். லண்டனில் சேரிங் கிராஸ் ஹோட்டலில் தங்கினார்கள். அங்கிருந்து சவுத்தாம்ப்டன், ஏப்ரல் 10 அன்று டைட்டானிக்.

இன்றைய சட்ட மொழியில் இதைக் குழந்தைக் கடத்தல் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். அன்பில்லாத மனிதர் என்று இதற்குப் பொருளில்லை. அன்பு இருந்தது, செய்த காரியமும் இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் இந்தக் கதையைப் படிக்க முடியும்.

இரண்டாம் வகுப்புப் பயணச்சீட்டு எடுத்தவரின் பெயர் லூயி எம். ஹாஃப்மன். பிரான்சை விட்டுக் கிளம்ப உதவிய ஒரு நண்பரின் பெயரையே அப்பா எடுத்துக்கொண்டார் என்று சொல்லப்படுகிறது. பிள்ளைகளுக்கும் மாற்றுப் பெயர்கள் எழுதினார். கப்பலில் பழகியவர்களிடம் மனைவி இறந்துவிட்டதாகச் சொன்னார். பிள்ளைகளைக் கண்ணெதிரிலிருந்து விலக விடவில்லை. ஒரே ஒரு தடவை சீட்டாடப் போனபோது மட்டும் பெர்த்தா லேமன் என்ற சுவிஸ் இளம்பெண்ணிடம் விட்டுப் போனார். அந்தப் பெண்ணுக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் தெரியும், ஆங்கிலம் தெரியாது.

கப்பலில் கழிந்த நாட்களைப் பற்றி மூத்தவன் பிற்காலத்தில் சொன்னவை அழகானவை. முன்பக்கத் தளத்தில் தம்பியோடு ஓடியாடியது, அப்பாவோடு உட்கார்ந்து முட்டை சாப்பிட்ட ஒரு காலை, கண்ணைப் பறிக்கும் கடல், ஒரு குறையும் இல்லாத நிம்மதி. நாலு வயது நிறையாத பிள்ளைக்குத் தன் பெயர் மாற்றப்பட்டிருப்பது எங்கே உறைக்கப் போகிறது? அவனுக்கு அது விடுமுறைப் பயணம்.

'டி' படகு

பனிப்பாறையில் மோதியது ஏப்ரல் 14 இரவு 11:40க்கு. கப்பல் முழுவதுமாக மூழ்கியது 2:20க்கு. இடையில் 2 மணி 40 நிமிடம். கப்பலில் சுமார் 2,200 பேர். இருந்த 20 படகுகளிலும் இடைவெளி இல்லாமல் ஏற்றியிருந்தால்கூட 1,178 பேருக்குத்தான் இடம்.

அப்பா அறைக்குள் வந்து எனக்குக் கனமான உடைகளைப் போட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டார், முன்பின் தெரியாத இன்னொருவர் தம்பிக்கு அதே மாதிரி செய்தார் என்று மூத்தவன் நினைவு கூர்ந்திருக்கிறார். தாங்கள் சாகப் போகிறோம் என்று அந்த இருவருக்கும் தெரிந்திருந்தது என்று வயதான பிறகு சொன்னார். அந்த இன்னொருவர் யார்? ஊர் பெயர் இல்லாத ஒரு மனிதர், தனக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு வயதுக் குழந்தைக்கு அந்த நேரத்தில் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த மனிதர் அவர்தான்.

பிள்ளைகள் ஏறியது 'டி' படகில். பக்கங்கள் கித்தான் துணியால் ஆன மடக்குப் படகு அது. அதிகாலை 2:05 வாக்கில் இறக்கப்பட்டது. கயிற்றில் முறையாக இறக்கப்பட்ட கடைசிப் படகு அதுதான். கப்பல் மறைய இன்னும் கால்மணி நேரம்தான் இருந்தது. அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி சார்லஸ் லைட்டாலர், கூட்டம் முண்டியடித்துப் படகைக் கவிழ்த்துவிடக் கூடாது என்று படகைச் சுற்றி ஆட்களைக் கைகோத்து நிற்க வைத்தார். பெண்களும் குழந்தைகளும் மட்டும் அந்த வளையத்துக்குள் போகலாம். பிள்ளைகள் அதைத் தாண்டி உள்ளே போனார்கள். அப்பா வெளியே நின்றார்.

இங்கே கொஞ்சம் நிறுத்திக் கணக்குப் பார்க்க வேண்டும். 47 பேர் உட்காரக்கூடிய படகு அது. ஏறக்குறைய பாதிதான் நிரம்பியிருந்தது. அந்த மனிதருக்கு இடம் இருந்தது, அனுமதி இல்லை. 'பெண்களும் குழந்தைகளும்' என்ற உத்தரவை இடப்பக்கத்தில் லைட்டாலர் ஆண்களுக்கு இடமே இல்லை என்று எடுத்துக்கொண்டார். வலப்பக்கத்தில் மர்டாக் என்ற அதிகாரி, அருகில் பெண்கள் இல்லாதபோது ஆண்களையும் ஏற்றினார். ஒரே கப்பலில், ஒரே இரவில், ஒரே உத்தரவுக்கு இரண்டு அர்த்தங்கள். ஒரு மனிதன் எந்தப் பக்கத்துப் படிக்கட்டில் ஏறி வந்தான் என்பதில் அவன் உயிர் தொங்கியது.

பிரிட்டிஷ் விசாரணையின் எண்கள் இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகின்றன. இரண்டாம் வகுப்பு ஆண்கள் 168 பேரில் பிழைத்தவர்கள் 14 பேர். நூற்றுக்கு 8. மூன்றாம் வகுப்பு ஆண்களில்கூட 462க்கு 75 பேர் பிழைத்தார்கள். ஆக, கப்பலில் பிழைக்க மிகக் குறைந்த வாய்ப்பு இருந்தது இரண்டாம் வகுப்பு ஆணுக்குத்தான். அதே இரண்டாம் வகுப்பில் குழந்தைகள் 24 பேர், 24 பேரும் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 79 பேர், பிழைத்தவர்கள் 27.

இரண்டாம் வகுப்பில் வராமல் இருந்திருந்தால் நாங்கள் செத்திருப்போம் என்று மூத்தவர் பின்னாளில் சொன்னார். எண்களைப் பார்த்தால் அது கொஞ்சம் மிகை, ஆனால் திசை சரி. மூன்றாம் வகுப்பில் மூன்றில் ஒரு குழந்தைதான் பிழைத்தது. அப்பா எடுத்த இரண்டாம் வகுப்புச் சீட்டு, தனக்கு எதிராகவும் பிள்ளைகளுக்குச் சாதகமாகவும் வேலை செய்தது.

அப்புறம், அந்தக் கடைசி வார்த்தைகள். படகில் இறக்கும்போது அப்பா தன்னிடம் ஒரு செய்தி சொன்னதாக மிஷேல் சொல்லியிருக்கிறார். அம்மா உன்னைத் தேடி நிச்சயம் வருவாள், வரும்போது, அவளை நான் நேசித்தேன், இப்போதும் நேசிக்கிறேன் என்று சொல், அவளும் நம் பின்னால் வந்து புது உலகத்தில் எல்லோரும் ஒன்றாக நிம்மதியாக வாழலாம் என்றுதான் எதிர்பார்த்தேன் என்று சொல். இதுதான் அந்தச் செய்தியின் சாரம்.

கேட்டால் தொண்டை அடைக்கிறது. ஆனாலும் ஆய்வு என்று உட்கார்ந்தபின் கேட்காமல் இருக்க முடியாது: மூன்று வயது பத்து மாதம் ஆன பிள்ளையால் இவ்வளவு நீண்ட செய்தியை அந்தக் கூச்சலில் வாங்கி, எண்பது வயதுவரை சொல் சொல்லாக வைத்திருக்க முடியுமா?

நினைவு எவ்வளவு, கேள்விப்பட்டது எவ்வளவு

பெரியவர்களில் பெரும்பாலோருக்கு முதல் நினைவு மூன்று, மூன்றரை வயதை ஒட்டித்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தையது அழிந்துவிடுகிறது. ஆக மிஷேல் அந்த விளிம்பில் நிற்கிறார், இரண்டு வயது எட்மோன் அதற்கு அப்பால் இருக்கிறான். மிஷேலுக்கு எதுவுமே நினைவிருக்க முடியாது என்று தள்ளிவிட முடியாது. எல்லாமே நினைவு என்று ஏற்கவும் முடியாது.

இதைச் சோதித்துப் பார்க்க அவரே ஒரு தடயம் விட்டுப்போயிருக்கிறார். படகில் விழுந்தபோது பயமே தெரியவில்லை, 'ப்ளோப்' என்று உள்ளே விழுந்தது சந்தோஷமாகத்தான் இருந்தது என்று சொன்னவர், தங்கள் பக்கத்தில் ஒரு அமெரிக்கப் பணக்காரரின் மகள் தன் நாயோடு உட்கார்ந்திருந்தாள், யாரும் அதைத் தடுக்கவில்லை என்றும் சொல்லியிருக்கிறார்.

டைட்டானிக்கிலிருந்து பிழைத்த நாய்கள் சொற்பம். அதில் ஒன்று, மார்கரெட் ஹேய்ஸ் என்ற முதல் வகுப்புப் பயணியின் பொமரேனியன் குட்டி. அவர் அதைப் போர்வையில் சுற்றி எடுத்துவந்தார். ஆனால் அவர் ஏறியது 7ஆம் எண் படகில். முதன்முதலில், 12:45 வாக்கில் இறக்கப்பட்ட படகு அது. நவ்ராத்தில் பிள்ளைகள் ஏறியதோ கடைசிப் படகில். இரண்டுக்கும் இடையே ஒரு மணி இருபது நிமிடம். அதுவும் கப்பலின் வேறு வேறு பக்கங்களில்.

இதே மார்கரெட் ஹேய்ஸ்தான் பிறகு, பிழைத்தவர்களை மீட்ட கார்பேதியா கப்பலில் அந்தப் பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டார், நியூயார்க்கில் தன் வீட்டுக்கும் கூட்டிப்போய் ஒரு மாதம் வைத்துக்கொண்டார். அப்படியானால் நாய்க்குட்டி நினைவு எங்கிருந்து வந்தது என்பது என் மட்டில் தெளிவு. நாய் உண்மை, அந்த அக்கா உண்மை, பக்கத்தில் உட்கார்ந்தது உண்மை. இடம் மட்டும் மாறிவிட்டது. கார்பேதியாவின் தளத்திலோ நியூயார்க் வீட்டிலோ பதிந்த ஒரு காட்சியைப் பிள்ளை மனம் படகுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. பத்திரமாக உணர்ந்த இடத்தில் இருந்தவர்களையெல்லாம் ஒரே படகில் ஏற்றிவிட்டார்.

அப்பாவின் கடைசிச் செய்தியையும் இப்படித்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். 'அம்மா வருவாள், அம்மாவிடம் சொல்' என்று அப்பா ஏதோ சொல்லியிருக்கலாம். புது உலகம், ஒன்றாக வாழ்வது என்ற வாக்கிய வடிவம் வளர்ந்த பின் வந்திருக்கும். பிள்ளைகளைக் கடத்திப் போன அப்பாவை மன்னிப்பதற்கு அந்த வாக்கியம் ஒரு மகனுக்குத் தேவையாகவும் இருந்திருக்கும்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். குழந்தைகளின் சாட்சியம் என்றாலே நம்பத்தகாதது என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. ஈவா ஹார்ட் என்ற ஏழு வயதுச் சிறுமி 14ஆம் எண் படகில் தப்பினாள். அப்பா இறந்துபோனார். கப்பல் இரண்டாக உடைந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னார். லைட்டாலர் உள்ளிட்ட அதிகாரிகள் கப்பல் முழுசாகத்தான் மூழ்கியது என்றார்கள், விசாரணையும் அதையே ஏற்றுக்கொண்டது. பிரிட்டிஷ் விசாரணையில் பயணிகள் என்று சாட்சி சொன்னவர்கள் டஃப் கோர்டன் தம்பதியும் கப்பல் கம்பெனித் தலைவர் இஸ்மேயும் மட்டும்தான். 1985 செப்டம்பரில் கடலடியில் கப்பலைக் கண்டுபிடித்தபோது அது இரண்டு துண்டாகக் கிடந்தது. 73 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு ஏழு வயதுப் பிள்ளையின் கண் சரி என்று ஆனது.

பெயர் திரும்பக் கிடைத்தது

சரி, பிள்ளைகளிடம் வருவோம். விடிந்தபின் கார்பேதியா படகுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டது. ஏணியில் ஏற முடியாத குழந்தைகளைச் சாக்குப் பைகளில் போட்டுக் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். மிஷேலும் அப்படிச் சாக்குக்குள் உட்கார்ந்துதான் மேலே போனான். பிழைத்தவர்கள் எல்லோரும் ஏப்ரல் 18 இரவு நியூயார்க்கில் இறங்கினார்கள்.

கப்பலிலேயே மற்றக் குழந்தைகளுக்கெல்லாம் யாராவது ஒருவர் சொந்தம் என்று இருந்தார்கள். இந்த இரண்டு பேருக்கு மட்டும் இல்லை. பயணிகள் பட்டியலைப் பார்த்தால் ஹாஃப்மன் என்று இருக்கிறது. அந்த ஹாஃப்மனைத் தேடினால் உலகத்தில் எங்கும் இப்படி இரண்டு பிள்ளைகளோடு ஒரு ஹாஃப்மன் இல்லை. பிரெஞ்சு பேசத் தெரிந்த மார்கரெட் ஹேய்ஸ், உறவினர் கிடைக்கும்வரை நான் வைத்துக்கொள்கிறேன் என்றார். 'டைட்டானிக் அனாதைகள்' என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன.

ஊடகத்தின் பரபரப்பை நாம் எவ்வளவோ குறை சொல்கிறோம். இந்த வழக்கில் அந்தப் படம் மட்டும் வராமல் இருந்திருந்தால்? நீஸில் மார்செலுக்கு டைட்டானிக் மூழ்கிய செய்தி தெரியும், உலகத்துக்கே தெரியும். தன் பிள்ளைகள் அதில் இருந்தார்கள் என்று நினைக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. இறந்தவர் பட்டியலில் நவ்ராத்தில் என்று ஒரு பெயரும் இல்லை. பிள்ளைகளும் மூழ்கியிருந்தால் மூன்று ஹாஃப்மன்கள் என்று கணக்கு முடிந்திருக்கும். வாசலில் ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து போய்ப் பார்த்துக்கொண்டே ஒரு தாய் கிழவியாகியிருப்பாள். அந்தப் பொய்ப் பெயர் செய்திருக்கக்கூடிய உண்மையான கொடுமை அது. நூலிழையில் தவறியது.

படமும் விவரமும் ஐரோப்பிய நாளிதழ்களுக்கும் வந்தன. மார்செல் பார்த்தார், தன் பிள்ளைகள் என்று அடையாளம் சொன்னார். ஹாஃப்மன் என்பது தன் கணவரின் நண்பர் பெயர் என்பது அவருக்குத் தெரிந்திருந்ததால் முடிச்சு அவிழ்ந்தது. டைட்டானிக்கின் சொந்தக்காரர்களான ஒயிட் ஸ்டார் கம்பெனியே அவரை நியூயார்க்குக்குத் தங்கள் ஓஷியானிக் கப்பலில் ஏற்றி அனுப்பியது.

இந்த இடத்தில் தேதிகளை அடுக்கிப் பார்த்தபோது எனக்கு ஒரு கணம் கை ஓடவில்லை. 1912 மே 13 அன்று, டைட்டானிக் மூழ்கி ஒரு மாதம் ஆனபோது, நடு அட்லாண்டிக்கில் அனாதையாக மிதந்துகொண்டிருந்த ஒரு மடக்குப் படகை ஒரு கப்பல் கண்டது. அது டைட்டானிக்கின் 'ஏ' படகு. உள்ளே மூன்று உடல்கள் இருந்தன. அவற்றைக் கடலிலேயே அடக்கம் செய்தார்கள். அந்தப் படகைக் கண்ட கப்பல் ஓஷியானிக். மூன்று நாள் கழித்து, மே 16 அன்று, அதே கப்பலிலிருந்துதான் மார்செல் நியூயார்க்கில் இறங்கினார். கணவனை இழந்து, பிள்ளைகளைத் தேடிப் போகும் ஒரு பெண் பயணம் செய்த கப்பல், வழியில் நின்று டைட்டானிக்கின் செத்தவர்களை அடக்கம் செய்துவிட்டுப் போனது.

சந்திப்பைப் பற்றி அன்றைய செய்தித்தாள்கள் எழுதியது இவ்வளவுதான்: வாசலில் நின்ற உருவத்தைப் பார்த்துப் பெரியவன் முகத்தில் மெல்ல மெல்ல வியப்பு பரவியது; சின்னவன் ஒரு கணம் விழித்துப் பார்த்துவிட்டுப் பெருங்குரலெடுத்து அழுதுகொண்டே ஓடி அம்மாவின் கைக்குள் விழுந்தான். மூவரும் ஓஷியானிக்கிலேயே பிரான்சுக்குத் திரும்பினார்கள்.

15ஆம் எண்

அப்பாவை விட்டுவிட்டோம். இறந்தவர்களைத் தேடக் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து அனுப்பப்பட்ட மெக்கே பென்னட் என்ற, கடலடிக் கம்பிவடம் போடும் கப்பல் 306 உடல்களைக் கண்டெடுத்தது. ஒவ்வொன்றுக்கும் எண் கட்டி, உடையையும் பையில் இருந்தவற்றையும் எழுதி வைத்தார்கள். 15ஆம் எண் உடலின் குறிப்பு இப்படிப் போகிறது: ஆண், வயது 36 இருக்கலாம், கறுப்பு முடி, கறுப்பு மீசை, பச்சை உள்துணி வைத்த சாம்பல் நிற மேல்கோட்டு, பழுப்பு உடுப்பு, தங்கக் கடிகாரமும் சங்கிலியும், வெள்ளிப் பணப்பையில் 6 பவுண்டு, தாமஸ் குக் கம்பெனியில் பணம் மாற்றிய ரசீது, பயணச்சீட்டு, உறையில் வைத்த புகைக்குழாய், குண்டு நிரப்பிய ரிவால்வர், சாவிகள், லண்டன் சேரிங் கிராஸ் ஹோட்டல் பில்.

வயதை நாலைந்து ஆண்டு கூட்டிப் போட்டிருக்கிறார்கள். துப்பாக்கியை வைத்து எத்தனையோ கதைகள் பின்னப்பட்டன. எனக்கு அந்தக் கோட்டின் பச்சை உள்துணிதான் கண்ணில் நிற்கிறது. தையற்காரரின் கோட்டு. அதை அவரே தைத்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பையில் இருந்த சீட்டில் ஹாஃப்மன் என்று இருந்தது. அதைப் பார்த்து யூதர் என்று முடிவு செய்தார்கள். கத்தோலிக்கரான அவரை ஹாலிஃபாக்ஸில் பேரன் தெ ஹிர்ஷ் யூதக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அந்நகரத்தில் புதைக்கப்பட்ட டைட்டானிக் பயணிகளும் ஊழியர்களும் 150 பேர். மூன்று இடுகாடுகளில் இருக்கிறார்கள். இந்த யூதத் தோட்டத்தில் இருப்பவர்கள் 10 பேர். பெரும்பாலோர் பெயரே தெரியாதவர்கள். முன்பின் தெரியாத ஒருவரைத் தங்களவர் என்று நம்பி, தங்கள் முறைப்படி மரியாதையோடு மண்ணில் வைத்தவர்களை நன்றியோடுதான் நினைக்க வேண்டும்.

பிறகு வந்த ஆண்டுகள்

எட்மோனைப் பற்றிச் சொல்ல இருப்பது கொஞ்சம். வீட்டு உள் அலங்கார வேலை செய்தார், பிறகு கட்டடக்கலைஞராகவும் கட்டட ஒப்பந்தக்காரராகவும் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். முகாமிலிருந்து தப்பினார், ஆனால் உடம்பு கெட்டுவிட்டது. 1953இல், 43ஆம் வயதில் இறந்தார்.

மிஷேல் தத்துவம் படித்தார். உடன் படித்த பெண்ணை 1933இல் மணந்தார். மோன்பெலியே பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றார். நாலு வயதில் நான் செத்துவிட்டேன், அதற்குப் பிறகு சீட்டு வாங்காமல் வாழ்க்கையில் பயணம் செய்துகொண்டிருக்கிறேன், உதிர்ந்த நேரத்தைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன் என்ற பொருளில் அவர் சொன்னது பல இடங்களில் மேற்கோளாக வருகிறது. அப்பா பொய்ப் பெயரில் வாங்கிய சீட்டில் கடலைத் தாண்டிய பிள்ளை, சீட்டில்லாப் பயணி என்ற உவமையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவர் சொன்னதில் நான் ஒத்துக்கொள்ளாத ஒன்றும் உண்டு. பிழைத்தவர்களில் பலர் ஏமாற்றியும் முரட்டுத்தனமாகவும் வந்தவர்கள், நேர்மையானவர்களுக்கு வாய்ப்பே இல்லை என்றார். அந்த வளையத்தில் கைகோத்து நின்றவர்களை நினைத்து அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் பிழைத்தவர்களில் பெரும்பகுதி, இறக்கிவிட்ட படகில் உட்காரச் சொன்னதால் உட்கார்ந்த பெண்களும் குழந்தைகளும்தான். பிழைத்ததற்காகக் குற்றவுணர்வில் வெந்தவரின் வார்த்தை அது.

இப்படிச் சுமந்தவர்கள் பலர். குண்டூரில், அன்றைய மதராஸ் மாகாணத்தில், அமெரிக்க மிஷனரிக் குடும்பத்தில் பிறந்த ரூத் பெக்கர் 12 வயதில் டைட்டானிக்கில் இருந்தார். அம்மாவும் தம்பி தங்கையும் 11ஆம் எண் படகில் போய்விட, இவர் தனியாக 13ஆம் எண் படகில் தப்பினார். பிறகு அமெரிக்காவில் பள்ளி ஆசிரியையாக இருந்த அவர், பெற்ற பிள்ளைகளிடமே வெகுகாலம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மூன்றாம் வகுப்பில் வந்த ஒன்பது வயது ஃபிராங்க் கோல்ட்ஸ்மித் பின்னர் டெட்ராய்டில் பேஸ்பால் மைதானத்துக்கு அருகே வளர்ந்தார். ஆட்டத்தில் கூட்டம் ஆர்ப்பரிக்கும் சத்தம், தண்ணீரில் கிடந்தவர்களின் ஓலம் மாதிரியே அவர் காதில் விழுந்தது.

மிஷேல் வயதான பிறகுதான் அந்தக் கடலின் பக்கம் திரும்பினார். 1987இல், கப்பல் மூழ்கிய 75ஆம் ஆண்டு நினைவுக்கூட்டத்துக்காக அமெரிக்காவில் வில்மிங்டன் நகரத்துக்குப் போனார். 1912க்குப் பிறகு அமெரிக்காவில் அவர் கால் வைத்தது அப்போதுதான். 1996 ஆகஸ்டில், 88 வயதில், எடித் ஹெய்ஸ்மன், எலினோர் ஷூமன் என்ற இரண்டு சக பயணிகளோடு கப்பல் மூழ்கிய இடத்துக்கே கடற்பயணம் போனார். கடலடியிலிருந்து கப்பலின் ஒரு துண்டைத் தூக்கும் முயற்சி அப்போது நடந்தது, அந்த முறை அது கைகூடவில்லை.

அந்தப் பயணத்தில்தான் ஹாலிஃபாக்ஸுக்கும் போனார். பேரன் தெ ஹிர்ஷ் தோட்டத்தில் அப்பாவின் கல்லறையை முதல் தடவையாகப் பார்த்தார். படகுக்குள் தன்னை இறக்கிவிட்ட கைகளைக் கடைசியாகத் தொட்டு 84 ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்பா 31 வயதில் நின்றுவிட்டவர். மகன் கிழவர்.

2001 ஜனவரி 30 அன்று, 92ஆம் வயதில் மிஷேல் நவ்ராத்தில் இறந்தார். டைட்டானிக்கிலிருந்து தப்பிய ஆண்களில் அவரே கடைசி. மெக்கே பென்னட் கப்பலில் எழுதிய அந்தப் பட்டியலில் 15ஆம் எண்ணுக்கு நேரே லூயி எம். ஹாஃப்மன் என்றுதான் இருக்கிறது.